புற்றுக்கட்டியின் நடுவில் என்ன நடக்கிறது?

கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மேல் ஒரு மருந்தை இடுகிறோம். எல்லாச் செல்களும் மடிந்துவிடுகின்றன. அதே மருந்து நோயாளியின் உடலிலுள்ள கட்டியைப் பல வேளைகளில் முற்றும் அழிப்பதில்லை. காரணம் என்ன? நீங்கள் பௌதிகத்தில் படிக்கும் விரவல் என்ற நிகழ்ச்சியே விடையின் ஒரு பகுதியைத் தருகிறது.

தட்டில் செல்கள் ஒரே அடுக்காகப் பரவுகின்றன. ஆக்ஸிஜன், உணவு, மருந்து யாவும் ஒவ்வொரு செல்லையும் எளிதில் அடைகின்றன. கட்டியிலோ, இரத்தக் குழாயிலிருந்து புறப்படும் ஆக்ஸிஜன் பல அடுக்குகளைக் கடந்து விரவ வேண்டும். வழியிலுள்ள செல்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதால் சிறிது தொலைவிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

1955-இல் பிரிட்டனில் தாம்லின்சன், கிரே ஆகிய இருவரும் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைந்த செல் திரள்களில் நடுப்பகுதி உயிருடன் இருந்தது. 200 மைக்ரானைத் தாண்டியவற்றில் நடுப்பகுதி மடிந்திருந்தது. (1000 மைக்ரான் = 1 மி.மீ.) கிரே ஒரு பௌதிக அறிஞர். பொருள்கள் உட்கவரும் கதிர்வீச்சின் அலகுக்கு 1975-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

மடிந்த நடுப்பகுதியை ஒட்டி, ஆக்ஸிஜன் குறைந்த நிலையிலும் உயிர் வாழும் செல்கள் உண்டு. இவற்றை அழிக்க 2.5 முதல் 3 மடங்கு வரை கூடுதல் எக்ஸ் கதிர்வீச்சு தேவை. இவை மெதுவாகப் பிரிவதால், பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துகளுக்கும் தப்பிவிடுகின்றன. தப்பியவை மீண்டும் கட்டியாக வளரலாம்.

இந்நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியுமா? 1971-இல் கனடாவில் சதர்லாந்தும் அவருடைய குழுவினரும் சீன வெள்ளெலியின் நுரையீரல் செல்களைக் கலக்கப்படும் திரவத்தில் வளர்த்தனர். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டைகளாயின. வெளியே பிரியும் செல்கள், உள்ளே ஓய்ந்த செல்கள், நடுவில் மடிந்த செல்கள் எனக் கட்டியைப் போன்ற அமைப்பு கிடைத்தது. இன்று வேறு எளிய முறைகளும் உள்ளன. மூடியின் அடியில் தொங்கும் திரவத் துளியில் செல்களை இட்டால், புவியீர்ப்பினால் அவை துளியின் அடியில் கூடி, சில நாட்களில் உருண்டையாகின்றன.

இவ்வுருண்டையில் இரத்தக் குழாய்கள் இல்லை. நோயை எதிர்க்கும் செல்களும் இல்லை. ஆகவே இது முழுமையான கட்டியன்று. எனினும் மருந்து எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைத் தட்டைவிட நன்றாகக் காட்டுகிறது.

நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். ஆக்ஸிஜன் 150 மைக்ரான் ஆழம் வரை செல்வதாகக் கொள்வோம். 300 மைக்ரான் விட்டமுள்ள உருண்டையில் ஆக்ஸிஜன் எட்டாத பகுதியே இல்லை. விட்டம் 600 ஆனால் அப்பகுதி கன அளவில் 8-இல் 1 பங்கு. விட்டம் 1200 ஆனால்? 5-இல் 2 பங்குக்குச் சற்று மேல் வந்தால் உங்கள் விடை சரி!