கடைசி ரவுண்டு வரை பாருங்கள்

கேள்வி: சார், போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நைட் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வந்ததும் நண்பர்களோடு யூ.எஃப்.சி. கூண்டுச் சண்டை பார்ப்பேன். 2024-இல் சிறந்த சண்டை ஹாலோவே – கேத்ஜி மோதியதுதான் என்று அவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது பூஜா தோமர் ஜெயித்த சண்டை. "அது வெறும் நாட்டுப்பாசம்" என்கிறார்கள். அந்தச் சண்டையில் ஒரு நடுவர் பூஜாவுக்கு 30-27 கொடுக்க, இன்னொருவர் அதே 30-27-ஐ எதிராளிக்குக் கொடுத்தாரே, அது எப்படி? உங்களுக்குப் பிடித்த சண்டைகள் எவை? இந்த விளையாட்டில் தமிழர் யாராவது இருக்கிறார்களா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதும் சரி, உங்கள் ரசனையும் சரி. ஏப்ரல் 13 அன்று லாஸ் வேகாஸில் நடந்த யூ.எஃப்.சி. 300-இல் மேக்ஸ் ஹாலோவே செய்ததை இனி யாராவது செய்வார்களா என்பதே சந்தேகம். 145 பவுண்டு பிரிவில் பெயர் வாங்கியவர், 155 பவுண்டுக்கு ஏறிவந்து ஜஸ்டின் கேத்ஜியோடு மோதினார். முதல் ரவுண்டின் முடிவிலேயே சுழன்று உதைத்து கேத்ஜியின் மூக்கை உடைத்துவிட்டார். அதன்பிறகு பெரும்பாலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. கடைசிப் பத்து விநாடி, ஒதுங்கி நின்றாலே வெற்றி. ஆனால் அவர் கூண்டின் நடுவே தரையைச் சுட்டிக்காட்டி, "இங்கே வா" என்று கேத்ஜியை அழைத்தார். இருவரும் நின்ற இடத்திலேயே மாறி மாறி வீச, ஹாலோவேயின் வலது கை இறங்கியது. கேத்ஜி முகங்குப்புற விழுந்தார். ஐந்தாம் ரவுண்டு, 4 நிமிடம் 59 விநாடி. அந்தப் பத்து விநாடியை மட்டும் ரீல்ஸில் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய இருபத்து நாலு நிமிடமும் கேத்ஜியின் காலும் மூச்சும் எப்படித் தளர்ந்தன என்பதையும் பார்த்தால்தான் அந்த அடியின் மதிப்பு தெரியும்.

இஸ்லாம் மக்கச்சேவ் – டஸ்டின் பொரியே சண்டையும் (ஜூன் 1, நியூவார்க்) இதே காரணத்துக்காக எனக்குப் பிடிக்கும். தரைப் பிடியில் மக்கச்சேவ் கெட்டிக்காரர் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் பொரியே விடாமல் தாக்குப்பிடித்து, சாம்பியனின் நெற்றியில் ரத்தம் வழிய வைத்தார். ஐந்தாம் ரவுண்டில்தான் மக்கச்சேவால் அவர் கழுத்தைக் கையால் வளைத்து நெரித்து முடிக்க முடிந்தது. தரைச் சண்டை வந்தால் போனை எடுத்துக்கொள்பவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் பார்க்கவேண்டும்.

இப்போது பூஜாவுக்கு வருவோம். முசாபர்நகர் மாவட்டத்துப் புதானா ஊர்ப் பெண். வூஷுவில் தேசிய சாம்பியன், அங்கிருந்து கூண்டுக்கு வந்தவர். ஜூன் 8 அன்று லூயிவில்லில் ரயான் டோஸ் சாண்டோஸை வென்று, யூ.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். இங்கே ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனியாக மதிப்பெண்: ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. நூலிழையில் ஜெயித்தாலும் 10-9தான், நன்றாக ஆதிக்கம் செலுத்தினாலும் பல சமயம் அதே 10-9தான். மூன்று நடுவர்களும் கூண்டைச் சுற்றி வேறு வேறு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வயிற்றில் இறங்கியதாகத் தெரியும் உதை, இன்னொருவருக்கு முழங்கையில் பட்டதாகத் தெரியும். நெருக்கமான ரவுண்டுகள் இப்படி ஒரே பக்கம் சாய்ந்தால், ஒரே சண்டைக்கு 30-27, 27-30 இரண்டும் வந்துவிடும். மூன்றாமவர் 29-28 கொடுத்ததால் பூஜா ஜெயித்தார்.

நான் அந்த முதல் இரு நடுவர்களோடும் ஒத்துப்போகவில்லை. முதல் ரவுண்டு பூஜாவின் உதைகளுக்கு. இரண்டாவதில் டோஸ் சாண்டோஸ் தெளிவாக மேலே வந்தார். மூன்றாவதில் இருவரும் களைத்திருந்தபோது, பூஜா உதைத்து எதிராளியைக் கீழே விழவைத்தார். அந்த ரவுண்டை எதிராளிக்கு எப்படிக் கொடுப்பது? வலுவாக இறங்கிய அடிக்குத்தான் முதலிடம் என்று விதியே சொல்கிறது. களைத்த காலிலிருந்து அப்படி ஓர் உதை வருவது சாதாரணமில்லை. இதில் நாட்டுப்பாசம் கலந்திருந்தாலும் தப்பில்லை.

தமிழரைப் பற்றிக் கேட்டீர்கள். கோலாலம்பூர்க்காரர் அகிலன் தாணி. பள்ளி நாட்களில் உடல் பருமனோடு போராடியவர். 2017-இல் ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு கூண்டுச் சண்டை அமைப்பின் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரெனோடு மோதி முதல் ரவுண்டிலேயே தோற்றார். 2019-இல் ஷாங்காயில், ஜப்பானின் பெரிய நட்சத்திரமான யோஷிஹிரோ அகியாமாவை மூன்று ரவுண்டும் எதிர்த்து நின்று, மூன்று நடுவர்களின் தீர்ப்பிலும் வென்றார். அவசியம் தேடிப் பாருங்கள்.

பூஜாவின் சண்டையை நண்பர்களோடு இன்னொரு முறை போடுங்கள். வர்ணனையை மியூட்டில் வைத்து, ஆளுக்கொரு தாளில் ரவுண்டுக்கு ரவுண்டு மதிப்பெண் எழுதுங்கள். என் தாளில் 29-28, பூஜா தோமருக்கு.