கொட்டகைக்குக் கால் நடும் முன்

கண்மாய் பெருகினால்தான் நெல். ஆனால் பால் பணம் வாரம் தவறாமல் சிறு விவசாயியின் கைக்கு வருகிறது. அந்தப் பாலைத் தரும் மாட்டுக்கு வீட்டின் கொல்லையில் நான்கு கால் நட்டுக் கொட்டகை போட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது பலருடைய எண்ணம். வயல்காட்டுக் கொட்டகைக்கு இது ஓரளவு பொருந்தும்; ஊருக்குள் இருக்கும் கொல்லைக்குப் பொருந்தாது. இதை அறியாமல் கட்டினால், கடன் வாங்கிப் போட்ட தூணும் தகரமும் ஒரே நோட்டீசில் வீணாகிவிடக் கூடும்.

வயல் வேறு, கொல்லை வேறு

1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 'கட்டடம்' என்பதில் வீடு, கடை, கொட்டகை, குடிசை ஆகிய எல்லாவற்றையும் சேர்க்கிறது. ஆனால் விவசாய நிலத்திலுள்ள மாட்டுக் கொட்டகையை மட்டும் விலக்கி வைக்கிறது. நகரங்களுக்கான 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டத்தின் விளக்கத்தில் இந்த விலக்கு இருக்கவில்லை. லாயம், கொட்டகை, குடிசை யாவும் கட்டடமே. மண், மரம், தகரம் என எதனால் கட்டினாலும் கட்டடமே என்று அது கூறியது.

வண்டியூர் முன்பு ஊராட்சியாக இருந்தது. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது மாநகராட்சியுடன் இணைந்தது. கொல்லையும் மாடும் மாறவில்லை; சட்டம் மாறிவிட்டது. இன்று கட்டட அனுமதிக்கு 2019-ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை சிறிய குடியிருப்பு வீடுகளுக்கானது. மாட்டுக் கொட்டகையும் அதில் அடங்கும் என்று தாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

இடம் யாருடையது?

அனுமதியைவிட முக்கியமானது இடம். வண்டியூர்க் கண்மாய்க் கரையோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் காலியாகக் கிடக்கும் இடம் பார்வைக்கு வசதியாகத் தோன்றலாம். அது நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அதில் கீற்றுக் கொட்டகைகூடப் போடக் கூடாது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரி, கண்மாய்களைக் காப்பதற்கென 2007-ல் வந்த தனிச் சட்டமும் இதற்கு உள்ளன. 'பி மெமோ' வாங்கியிருக்கிறோம், அபராதம் கட்டியிருக்கிறோம் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். பி மெமோ ஆக்கிரமிப்புக்கான நோட்டீசே தவிர, உரிமைச் சீட்டு அல்ல.

ஆகவே முதலில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, கொட்டகை அமையும் இடம் தம் எல்லைக்குள் உள்ளதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

எத்தனை மாடு கட்டலாம்?

ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும் (சுமார் 38 சதுர அடி), திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் (சுமார் 75 சதுர அடி) தேவை. கன்றுக்கு முறையே 1 மற்றும் 2 சதுர மீட்டர் போதும்.

இரண்டு பசு, ஒரு கன்று வைத்திருப்பவருக்குக் கூரையின் கீழ் சுமார் 86 சதுர அடி வேண்டும். நடக்கவும் பால் கறக்கவும் இடம் சேர்த்து 12 அடிக்கு 10 அடி கொட்டகை சரியாக இருக்கும். திறந்தவெளி சுமார் 172 சதுர அடி. நான்கு சென்ட் மனையில், வீடு போக மீதியுள்ள இடத்தில் இது ஒருவாறு அடங்கும். ஐந்து பசு என்றால் இரண்டும் சேர்ந்து 565 சதுர அடி ஆகிவிடும். அப்படிப்பட்டவர்கள் கொல்லையை விட்டுச் சொந்த வயலில் கொட்டகை போடுவதே நல்லது.

அண்டை வீட்டாரின் புகார்

அனுமதி பெற்ற கொட்டகைக்கும் புகார் வரலாம். உடல்நலத்துக்குக் கேடாகக் கால்நடைகளை வைத்திருப்பதை 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் தொல்லையாகவே கருதுகிறது. ஒரு பசு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். இரண்டு நாள் அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும். நாற்றம் அடுத்த வீட்டுக்குப் போகும். இதைத் தவிர்க்கும் வழிகள்:

* கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மாலை வெயில் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும்.
* தகரக் கூரை உயர்ந்த பக்கம் 10 அடியும் தாழ்ந்த பக்கம் 8 அடியும் இருக்கலாம். கோடையில் மேலே தென்னங்கீற்று பரப்பினால் வெப்பம் குறையும்.
* தரையில் 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் விட்டு, சிறுநீர் சிறு கால்வாய் வழியாகத் தொட்டிக்குப் போகும்படி செய்ய வேண்டும். தெருச் சாக்கடையில் விடக் கூடாது.
* எருக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் சாணத்தை அன்றன்றே வயலுக்குக் கொண்டுபோவது நல்லது. நகரத்துக்குத் தொல்லையாவது வயலுக்கு உரம்.

எழுத்தில் கேளுங்கள்

பட்டா நகல், புலப்படம், வீட்டு வரி ரசீது, கொட்டகையின் நீள அகல உயரத்தைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றுடன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தை அணுகி, அனுமதி தேவையா என்று மனுவாகக் கேட்பது நல்லது. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கி, வரும் பதிலைப் பட்டாவுடன் சேர்த்து வைக்க வேண்டும். "போட்டுக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற வாய்வார்த்தை, நோட்டீஸ் வரும் நாளில் துணைக்கு வராது.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்திருந்தால் அதை வாங்க மறுக்கக் கூடாது. குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுப்பதுதான் கொட்டகையைக் காக்கும் வழி. கால் நடும் முன் ஒரு வாரம் அலைவது, கட்டியதைப் பிரித்துவிட்டு மாட்டை வெயிலில் கட்டுவதைவிட மேலானது.