ஊர் காத்தலும் நெறி காத்தலும்

வன்னி நிலத்திற் பிறந்தோர்க்குக் காவல் புதியதன்று. விளைந்த நெல்லைப் பன்றியும் யானையும் அழியாவண்ணம், வயலோரத்திற் பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டி, விடியுமளவும் விழித்திருந்த தந்தையரின் மக்களே நாம். ஒருவர் கண்ணயரும்போது அயல்வயற்காரர் குரல் கொடுப்பார். அக்குரலே அவருக்குத் துணை. வயலுக்கு இயன்ற இவ்வொழுங்கு ஊருக்கும் இயலுமன்றோ? இயலும். ஆயினும், பன்றியைத் துரத்துதல் வேறு, மனிதனை ஐயுறுதல் வேறு. இவ்வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் ஊரமைதிக்கு விதானையார் பொறுப்பாயிருந்தார். 1963 ஆம் ஆண்டில் அப்பதவி ஒழிந்து கிராமசேவகர் பதவி தோன்றியது. இன்று கிராம அலுவலர் எனப்படுபவர் அவரே. பின்னர் மூண்ட நெடும்போர் 2009 இல் முடிவுற்று, மக்கள் மீண்டு வந்து குடியேறியபோது, வேலியும் கதவும் இல்லாத வீடுகள் பல. ஆண்துணை இழந்த குடும்பங்களும் பல. இந்நிலையில், இரவிற் சுற்றிவந்து ஊரைக் காக்க இளைஞர் தாமாகவே முன்வருதல் பாராட்டற்குரியது. விழிப்புக் குழு, சிவில் பாதுகாப்புக் குழு எனப் பல பெயரால் இத்தொண்டு வழங்கும். 1980 களில் அரசு ஆயுதமளித்து அமைத்த ஊர்காவற்படை வேறு. அது 2006 இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. நாம் ஈண்டுக் கூறும் தொண்டு, ஆயுதமும் ஊதியமும் இல்லாதது.

இத்தொண்டின் இலக்கணம் யாது? நம் பண்டை நூல்களுள் இரண்டு அதனைக் காட்டுகின்றன. இரண்டிலும் அதனைக் காட்டும் பகுதி மதுரை மாநகரையே களமாகக் கொண்டது என்பது எண்ணுதற்குரியது.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் அந்நகரைக் காத்தோரைப் போற்றுகின்றது. மழை பொழியும் இருளிலும் அவர்கள் உறங்கிலர்; அஞ்சிலர்; கள்வரின் சூழ்ச்சியை நன்கறிந்தவர். இவற்றோடு புலவர் நில்லாது, நூல்கள் வகுத்த நெறியினின்றும் அவர்கள் வழுவாதவர் என்றும் சிறப்பிக்கின்றார். வீரத்தோடு நெறியறிவும் காவலனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையோ இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. கோவலன் கையிற் சிலம்பிருந்தது. பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான். மன்னன் ஆராயாது ஆணையிட்டான். ஆயினும் சென்ற காவலர் உடனே கொல்லவில்லை. இவன் தோற்றம் கொலைக்குரியவனுடையதன்று என்று தயங்கினர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அவர்தம் உள்ளத்தைக் கலக்கினான். முடிவில், கல்வியறிவற்ற ஒருவன் வாளை ஓச்சினான். தயங்கியவர் பலர், தடுத்தவர் ஒருவருமிலர். அறிவுடையோர் பலர் கூடி நின்றும், அறிவிலான் ஒருவனுடைய கையே அன்று தீர்ப்புக் கூறியது.

இது பழங்கதை என ஒதுக்கற்க. 2011 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கிறீஸ் பூதம் என்னும் அச்சம் இலங்கையின் பல பகுதிகளிலும் பரவியது. உடலிற் கிறீஸ் பூசிய மனிதர் பெண்களைத் தாக்குகின்றனர் என்ற செய்தியால், ஊர்தோறும் மக்கள் தடியேந்தி விழித்திருந்தனர். அவர்தம் அச்சம் பொய்யன்று. தம் வீட்டுப் பெண்டிரைக் காக்கும் விருப்பமும் குற்றமன்று. ஆயினும் அந்நாட்களில், கூட்டத்தின் கையில் அகப்பட்டு உயிர்துறந்தோரும் உளர். புத்தளத்திற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் உயிரிழந்தார்.

எமது அனுபவமொன்றையும் ஈண்டுக் கூறல் தகும். சில ஆண்டுகளுக்கு முன், எம்மூரிற் பசுக்கள் தொடர்ந்து களவுபோயின. இளைஞர் குழுவொன்றை அமைத்து எம்மையும் உடனழைத்தனர். மாரிகாலத்து இரவொன்றில், குளக்கட்டின்மீது கையிற் கயிற்றோடு நின்ற அயலூரார் ஒருவரைச் சூழ்ந்து பிடித்தோம். “கயிறு கையில் இருக்கிறது. இன்னும் என்ன விசாரணை?” என்று ஒருவர் தடியை ஓங்கினார். யாம் வாயடைத்து நின்றோம். இதனை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். அவ்வேளை, எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் முன்வந்து, “சேர், சிலம்பும் கையிலைதானே இருந்தது?” என்றான்.

ஓங்கிய தடி தாழ்ந்தது. வந்தவரை இருத்தித் தேநீர் கொடுத்து, பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தோம். பொழுது புலர்ந்ததும் அவருடைய ஊரார் வந்து, கட்டவிழ்த்தோடிய தம் நாகு பசுவைத் தேடியே அவர் வந்தார் என்றனர். அப்பசு எம்மூர் வாழைத்தோட்டத்தில் நின்றது. பல்லாண்டு அக்காதையைக் கற்பித்த எமக்குத் தோன்றாதது, கற்ற மாணவனுக்குத் தோன்றிற்று. ஆசிரியத் தொழிலில் யாம் பெற்ற பேறுகளுள் அதனினும் பெரியது பிறிதில்லை.

நாட்டின் சட்டமும் இந்நெறியையே வகுத்துள்ளது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைக் கோவைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்தற்குரிய குற்றத்தைத் தன் கண்முன் புரிபவனையோ, அத்தகைய குற்றம் புரிந்தான் என நியாயமாக ஐயுறப்பட்டு ஓடுபவனையோ, குற்றவாளியெனப் பிரகடனம் செய்யப்பட்டவனையோ பொதுமகன் ஒருவன் பிடிக்கலாம். பிடித்தபின் வீண் தாமதமின்றிச் சமாதான அலுவலரிடமோ, அவர் இல்லாவிடத்து அண்மைப் பொலிஸ் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். அடிக்கவும், அச்சுறுத்தி வாக்குமூலம் பெறவும் எவர்க்கும் உரிமையில்லை. அமெரிக்காவில் 1972 இல் தொடங்கிய அயலவர் காவல் திட்டமும், கண்டதைக் காவற்றுறைக்கு அறிவித்தலையே தொண்டரின் கடமையாகக் கொண்டது.

ஆதலின், தொண்டராக முன்வரும் மாணவர் சில ஒழுங்குகளை மனங்கொள்க. தனியே செல்லற்க, இருவர் மூவராய்ச் செல்க. பொலிஸாருக்கும் கிராம அலுவலருக்கும் பெயர்ப் பட்டியலை முன்னரே கொடுத்துவைக்க. கைவிளக்கும் ஊதுகுழலும் தொலைபேசியும் போதும். மதுவருந்தியவனை அன்றிரவு சேர்க்கற்க. கண்டதை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுக; கேட்ட வதந்தியைக் கண்டதாக எழுதற்க. தனித்து வாழும் பெண்களிடம், அவர் வேண்டும் உதவி யாதெனக் கேட்டறிக. காவலென்னும் பெயரால் அவர்தம் வாசலை நோட்டமிடற்க. பழைய பகையையும் சாதியையும் இத்தொண்டினுட் புகுத்தற்க. ஆபத்து நேரின் 119 என்னும் இலக்கத்துக்கு உடன் அறிவிக்க.

பழைய மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் இன்று ஊர்ப் பெரியோராய், சங்கத் தலைவராய் விளங்குகின்றீர்கள். இளைஞர் காவலுக்குப் புறப்படும் இரவில், மாதத்துக்கு ஒருமுறையேனும் நீங்களும் உடன் செல்லுங்கள். ஓங்கிய தடியைத் தாழ்த்தச் சொல்லும் ஒரு குரல் ஒவ்வொரு குழுவிலும் இருத்தல் வேண்டும். அக்குரல் நம் கல்லூரியிற் பயின்றவர் குரலாய் இருக்குமாயின், அதுவே இவ்விழாவுக்கு நாம் சூட்டும் மாலையாகும்.

வாழ்க கல்லூரி, வளர்க அதன் தொண்டு.