கை உழவு இயந்திரத்துக்கு ரயர் மாற்றும்போது

சொந்த வயலை விட்டு வந்து, வேறிடத்தில் குத்தகைக்கு வயல் செய்யும் குடும்பத்துக்கு லான்ட்மாஸ்ரர் உழவுக் கருவி மட்டுமல்ல. விதைநெல்லும் பசளையும் ஏற்றுவது, அறுத்த நெல்லை வீடு சேர்ப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அதுதான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறியவர்களில் இன்னும் தம் காணியில் கால் வைக்காதோர் இருக்கின்றனர். அத்தகையோரின் மெசின் வயலில் ஓடுவதிலும் பார்க்கத் தார் றோட்டில் ஓடுவதே கூட. ரயர் வாங்கும்போது முதலில் நினைக்கவேண்டியது இதுதான்.

புதிய ரயரின் பல் உயரமாயிருந்தால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதே பல் தார் றோட்டில் விரைவாகத் தேய்ந்துவிடும். வயலுக்குப் போய்வரும் தூரம் அதிகமென்றால், சேற்றுக்கென்றே செய்த மிக உயர்ந்த பல்லுள்ள ரயருக்குக் கூடக் காசு கொடுப்பது வீண். நடுத்தரமான பல்லுள்ள ரயரை வாங்கி, சேற்றுழவுக்கு மட்டும் இரும்புச் சில்லுப் பூட்டிக்கொள்ளலாம். இரும்புச் சில்லுடன் தார் றோட்டில் ஓட்டவேண்டாம். றோட்டும் பழுதாகும், மெசினின் அச்சும் அடிவாங்கும். சில்லைப் பெட்டியில் ஏற்றிச் சென்று வயற்கரையில் மாற்றுங்கள்.

அளவை எப்படி வாசிப்பது? பல கை மெசின்களின் ரயரில் 6.00-12 என்று இருக்கும். முதலாவது எண் ரயரின் அகலம், இரண்டாவது றிம்மின் விட்டம். இரண்டும் அங்குலத்தில். றிம் 12 என்றால் ரயரும் 12 ஆகவே இருக்கவேண்டும். இதில் ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சுக்கு இடமில்லை. 4 பீ.ஆர். என்பது பாரம் தாங்கும் வலுவைக் குறிக்கும். எண் கூடக்கூட வலுவும் கூடும். பெட்டியின் ரயருக்கு இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் ஏற்றும் மூட்டைகளின் பாரம் பெரும்பாலும் அதன்மேல்தான். மெசினிற் தேய்ந்த ரயரைப் பெட்டிக்குப் போட்டு ‘சமாளிப்பது’ எம்மவரிடையே வழக்கம். வயல் ரயரின் பக்கச்சுவர் மெல்லியது. பாரத்துடன் நெடுந்தூரம் ஓடினால் அதுவே முதலில் வெடிக்கும்.

இரண்டு ரயரையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. காசு ஒன்றுக்குத்தான் உண்டென்றால் ஒரு கயிறு எடுத்து இரண்டு ரயரையும் காற்றடித்த நிலையில் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவில் ஒரு அங்குலம் வித்தியாசமிருந்தால், சில்லு 100 தரம் சுற்றும்போது ஒரு பக்கம் 100 அங்குலம், அதாவது 8 அடிக்கு மேல், பின்தங்குகிறது. மெசின் சின்ன ரயர்ப் பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும். பிடித்துத் திருப்புகிறவரின் தோளும் கையும்தான் அதற்குக் கூலி கொடுக்கும். பெண்களும் வயதானவர்களும் மெசின் பிடிக்கும் குடும்பங்களில் இது சிறிய விடயமல்ல. ஒரு பக்கம் காற்றுக் குறைந்தாலும் இதே இழுவைதான். ஆகவே ரயரைக் குறைசொல்லுமுன் காற்றைப் பாருங்கள்.

பழைய ரயரைப் புதிதென்று விற்பவரும் உண்டு. 2020 இல் ரயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபின், எது கிடைத்தாலும் போதுமென்று வாங்கும் பழக்கம் எம்மிடையே கூடிவிட்டது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் பொறித்திருந்தால் அது செய்த காலம்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பல் தேயாவிட்டாலும் வெயிலில் கிடந்த றப்பர் காய்ந்து வெடிக்கும். பல்லுக்கு இடையிலும் றிம்மை ஒட்டிய இடத்திலும் ரயரை வளைத்துப் பாருங்கள். உள்ளே நூல் தெரிந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். இடப்பெயர்வின்போது விட்டுவந்து, பின்னர் பற்றைக்குள்ளிருந்து மீட்ட மெசின்களில் காற்றில்லாமல் வருடக்கணக்கில் நின்ற ரயரும் இத்தகையதே.

றிம்மையும் அதே நேரம் பாருங்கள். துரு தின்றிருந்தால் கம்பித் தூரிகையால் உரஞ்சி மை பூசலாம். ஓட்டை விழுந்ததை ஒட்டிப்போட்டுக் காற்றடிப்பது ஆபத்து. வேறு மெசினின் சில்லு வாங்குவதானால் நட்டுத் துளைகளின் எண்ணிக்கை, துளைக்குத் துளை உள்ள தூரம், அச்சு நுழையும் துளையின் அளவு மூன்றும் பொருந்தவேண்டும். பழைய சில்லைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் வாக்குவாதம் இல்லை.

இன்னொன்று, உயிருக்கே ஆபத்தானது. சில கை மெசின்களின் றிம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும. காற்று முழுவதையும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடவேண்டாம். அமுக்கத்தில் இருக்கும் றிம் பிளந்து முகத்தில் அடிக்கும். வால்வின் ஊசியைக் கழற்றி, ரயர் கையால் அமுங்கும் வரை பொறுங்கள். சிறுவர்களை அருகில் விடவேண்டாம்.

பூட்டும் திசை பலருக்குத் தடுமாற்றம். ரயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் மெசின் முன்னே போகும்போது சில்லு அந்தப் பக்கம் சுழலவேண்டும். அம்புக்குறி அழிந்திருந்தால் மெசினுக்குப் பின்னால் நின்று பாருங்கள்: பற்கள் வீட்டுக் கூரை முகடுபோல மேல்நோக்கிக் கூடியிருக்கவேண்டும். மாறிப் பூட்டினால் பற்களுக்கு இடையில் சேறு அடைபட்டுச் சில்லு வழுக்கும். புது ரயருக்குப் புது ரியூப் போடுங்கள். நீண்டுபோன பழையது உள்ளே மடிந்து, மடிப்பிலேயே கிழியும். முதல்நாள் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும்.

வேலையில்லாத மாதங்களில் மெசினைக் கட்டைகளில் உயர்த்தி, ரயரை வெயில் படாமல் ஓலையாலோ சாக்காலோ மூடிவிடுங்கள். கழற்றிய பழைய ரயரை வளவில் எறிந்தால் மாரியில் நீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். அடியில் இரண்டு மூன்று துளையிட்டு மண் நிரப்பினால் அதற்குள் கத்தரியோ மிளகாயோ நடலாம்.