தோலுக்கு முதுகைப் பார்

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தபோது, நடக்கிற தூரத்தில் பெரியமேட்டுத் தோல் கடைகள் இருந்தும் நான் உள்ளே போனதில்லை. வாணியம்பாடியில் பிறந்த எனக்குத் தோல் என்பது ஊரோடு விட்டுவந்த விஷயம். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள், பாத்திக் துணி செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள் என்று தெரிந்த பிறகே, உடுத்துகிற பொருளிலும் என் கோடு இருக்கலாம் என்ற துணிவு வந்தது. ஊர் திரும்பினேன்.

தோலில் தைத்த முதல் ஜாக்கெட் வீணாயிற்று. ஓர் ஆட்டுத்தோல் ஐந்தாறு சதுர அடிதான் வரும். ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழெட்டுத் தோல் வேண்டும். துணிபோல விரித்து, குண்டூசி குத்தி, இடம் கிடைத்த பக்கமெல்லாம் வெட்டினேன். ஒரே மாதத்தில் முழங்கை தொங்கிவிட்டது. ஊசித் துளைகள் அப்படியே நின்றன.

ஆம்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வயதானவர். பேசாமல் ஒரு தோலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார்.

"துணிக்கு நேர்நூல் பாக்குறல்ல? தோலுக்கு முதுகைப் பாரும்மா."

முதுகெலும்பு ஓடிய திசையில் தோல் அதிகம் நீளாது. வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். ஜாக்கெட்டின் முதுகும் மார்பும் கையும் தோலின் முதுகுத்தண்டை ஒட்டி வெட்ட வேண்டியவை. வயிற்றுப் பகுதி உள்மடிப்புக்கும் பைக்கும் போதும். நான் கைக்கு வைத்தது வயிறு.

இப்போது முதலில் காடாத்துணியில் தைத்து, போடப்போகிறவர் உடம்பில் பார்த்துத் திருத்துகிறேன். தோலில் தையலைப் பிரித்தால் துளை மூடாது. தையல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கினால் தபால்தலை ஓரம்போலக் கிழியும். குண்டூசிக்குப் பதில் கிளிப். மடிப்பைப் படியவைக்கப் பசையும் சுத்தியும்.

ஓவியக் கண் உதவியது நிறத்தில். ஒரே டிரம்மில் சாயம் ஏறிய தோல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. காலை வெளிச்சத்தில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வரிசைப்படுத்திய பிறகே கத்தியை எடுப்பேன்.

தனியாகத் தொடங்குகிறவர்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய ஸ்டாக் லாட்டில் வாங்குங்கள். கணக்குக்கு மேல் ஒரு தோல் கூடுதலாக எடுங்கள். அதே நிறம் மறுபடி கிடைப்பது அரிது. இதை வாடிக்கையாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முள் கீறிய தழும்புள்ள தோல்களை முன்பு ஒதுக்கிவிடுவேன். இந்த வாரம் வந்த ஒன்றில், முதுகின் நடுவே நீளமாக ஒரு கீறல். பென்சிலை அதன் நுனியில் வைத்துத்தான் கோட்டைத் தொடங்கியிருக்கிறேன்.