துண்டுச்சீட்டு வேண்டாம், கூடவே போங்கள்

டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் பல்கலைக்கழகங்களில் பாடம் எடுக்கும் தமிழர்கள் இன்று நிறையப் பேர். ஆராய்ச்சி செய்துகொண்டே டி.ஏ.வாக, அதாவது கற்பித்தல் உதவியாளராக, வகுப்புக்குப் போகும் இளைஞர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் லத்தீனோக்கள்: மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், போர்ட்டோ ரிக்கோ என்று பல வேர்கள் கொண்டவர்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் இவர்களில் ஏராளம். உதவி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கதவு வரை போய்ச் சேர்வதுதான் இவர்களுக்குப் பெரும்பாடு. வழித்துணையாக வரக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

கூடவே நடந்து போங்கள். உதவி மையத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பிள்ளை தலையாட்டும், போகாது. யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற தயக்கம் காலைப் பிடித்து இழுக்கும். பத்து நிமிடம் ஒதுக்கி அழைத்துப்போய், அங்கே இருப்பவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். என் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கே அழைத்துப்போவது? 'ட்ரையோ' என்ற மத்திய அரசுத் திட்டங்களில் ஒன்றான மாணவர் துணைச் சேவை 1968இல் தொடங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர், வருமானம் குறைந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கானது அது; இனம் பார்ப்பதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பண்ணை வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை என்றால் 1972 முதல் உள்ள 'கேம்ப்' திட்டம் முதலாண்டுப் படிப்புக்குக் கைகொடுக்கும். கடந்த 24 மாதங்களில் பிள்ளையோ பெற்றோரோ 75 நாள் பண்ணை வேலை செய்திருந்தால் அதற்குத் தகுதி உண்டு. தக்காளி பறித்ததும் ஸ்ட்ராபெர்ரி பறித்ததும் ஒரு தகுதியாகும் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எந்த அலுவலகமானாலும், போகும் முன் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்கள் மூடப்பட்டன. மாணவர்கள் தாங்களே நடத்தும் சங்கங்களை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. எனவே பழைய கையேட்டை நம்பாதீர்கள். சங்கத்துப் பிள்ளைகளை விசாரியுங்கள், அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

'ஆபீஸ் அவர்ஸ்' என்றால் என்னவென்று முதல் வகுப்பிலேயே விளக்குங்கள். பேராசிரியர் தன் சொந்த வேலையைப் பார்க்கும் நேரம், அப்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. "அந்த ஒரு மணி நேரம் உனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டால் போதும்.

சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். பொறியியல் மாணவருக்கு 1974இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'ஷ்பே', அறிவியல் மாணவருக்கு 1973இல் பிறந்த 'சக்னாஸ்' என்று பல துறைகளில் இந்தப் பிள்ளைகளுக்கான சங்கங்கள் உண்டு. பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கக்கூடாது. பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் வளர்ந்த சோனியா சோட்டோமேயர் 1972இல் பிரின்ஸ்டனில் சேர்ந்தபோது கட்டுரை எழுதவே தடுமாறினார். பிறகு அங்கிருந்த போர்ட்டோ ரிக்கோ மாணவர் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். தங்கள் சமூகத்தவரைப் பேராசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் நியமிப்பதில்லை என்று 1974இல் அந்தச் சங்கம் மத்திய அரசிடம் புகார் கொடுத்தது. 2009இல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். கேட்டு வாங்கும் பழக்கம் அந்தச் சங்க அறைகளில்தான் முதலில் கைவருகிறது என்பது என் எண்ணம்.

கூட்டத்தை நண்பகலில் வையுங்கள், சாப்பாட்டோடு. வீட்டிலிருந்து பேருந்தில் வந்து, மாலையில் கடையில் நின்று சம்பாதிக்கும் பிள்ளை ராத்திரி ஏழு மணிக் கூட்டத்துக்கு எப்படி வரும்?

செய்யக்கூடாதவை

"வீட்டை விட்டு வெளியே வந்தால்தான் முன்னேறுவாய்" என்று சொல்லாதீர்கள். மருத்துவமனையில் அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போவதும், தங்கையின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்காக வெள்ளிக்கிழமையே கிளம்புவதும் அவர்களுக்குக் கடமை. குடும்பமா படிப்பா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலர் குடும்பத்தைத்தான் எடுப்பார்கள், படிப்பு நின்றுபோகும். தேர்வுத் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பெற்றோரை வளாகத்துக்கு அழைத்து ஸ்பானிஷில் சுற்றிக்காட்டுங்கள். அப்படிச் சுற்றிப் பார்த்த அப்பா, மகள் நூலகத்தில் ஒன்பது மணி வரை இருந்தால் கோபப்பட மாட்டார். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பொதுவாக மாணவரின் ஒப்புதல் வேண்டும்.

குடியுரிமைத் தாள் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே ஒரு பிள்ளையை ஓடவைக்கும். அவர்களாகச் சொன்னால், சொன்னது உங்களோடு இருக்கட்டும். குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆளிடம் கொண்டுபோய் விடுங்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஸ்பானிஷ் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக்சஸ் பள்ளிகளில் ஒரு காலத்தில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். அந்த அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. குவாத்தமாலாவிலிருந்து வந்த சில குடும்பங்களில் மாம், கிச்சே போன்ற மாயன் மொழிகளைப் பேசுவார்கள். பிரேசிலியரின் மொழி போர்த்துக்கீசியம்.

விழா என்றால் அந்தப் பிள்ளை, கமிட்டி என்றால் அந்தப் பிள்ளை, விளம்பரப் படத்திலும் அதே பிள்ளை என்று ஒருவரையே இழுக்காதீர்கள். படிக்க நேரம் வேண்டாமா?

பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். முழுநேரக் கணக்கில் இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் ஹிஸ்பானியர் இருந்தால் 'ஹிஸ்பானியருக்குச் சேவை செய்யும் நிறுவனம்' என்ற தகுதி கிடைக்கும். அது சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. பட்டம் வாங்கியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தத் தகுதிக்கான மத்திய நிதியில் பெரும்பகுதியை நிறுத்துவதாக 2025 செப்டம்பரில் அரசு அறிவித்தது. அதனால் போன வருடம் இருந்த பயிற்சி ஆசிரியர் இந்த வருடமும் இருப்பாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் ஒன்று, செய்ய வேண்டியது

பெயரை முழுதாகச் சொல்லுங்கள். ஸ்பானிய வழக்கில் அப்பாவின் குடும்பப் பெயரும் அம்மாவின் குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும். கல்லூரிக் கணினி ஒன்றை விழுங்கிவிடும், அல்லது நடுப்பெயராக்கிவிடும். இன்ஷியலோடு போய் அவதிப்பட்ட தமிழருக்கு இது புதிதல்ல. விண்ணப்பத்தில் ஒரு பெயர், உதவித்தொகைப் படிவத்தில் இன்னொரு பெயர் என்று இருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். முதல் வாரத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கேட்டுக் கடைசிப் பருவத்தில் ஒரு படிவம் வரும். அதை நிரப்பும்போது பக்கத்தில் இருந்து, அம்மாவின் பெயரும் ஏறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.