ஆன்லைன் கருத்துக் கணிப்பு: சரியாகக் கேட்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்ற பின்னர், பலரும் ஆர்வத்துடன் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று ஆன்லைன் கருத்துக் கணிப்பு. குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு என எதுவாக இருந்தாலும், இன்று ஒரு கேள்வியை அனுப்பி, நாளை அதன் பதில்களைச் சதவீதக் கணக்கில், வண்ண வட்டப் படமாகப் பார்க்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால், படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக, அது காட்டும் எண் உண்மையாகிவிடாது. யாரைக் கேட்டோம், எப்படிக் கேட்டோம் என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. இவற்றை எப்படிச் சரியாக அமைப்பது எனப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். பெரம்பலூர் நகரில் ரயில் நிலையம் கிடையாது. அங்குள்ளவர்கள் ரயில் ஏற, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் உள்ள அரியலூர் நிலையத்திற்குச் செல்லலாம். இந்த நிலையத்திற்கு அதிகாலையில் கூடுதல் பஸ் ஒன்று கேட்டு, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுக்க ஒரு குழு விரும்புகிறது என வைத்துக் கொள்வோம். மனுவுடன் கருத்துக் கணிப்பின் முடிவையும் இணைத்தால் வலு சேரும். ஆனால், கணிப்பு தவறாக இருந்தால் என்ன ஆகும்? யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் பஸ் விடப்படும், காலியாக ஓடும், சில வாரங்களில் நிறுத்தப்படும். அடுத்த முறை மனுவுடன் சென்றால், யாரும் நம்ப மாட்டார்கள்.

1. முதலில் நோக்கத்தை முடிவு செய்திடவும்

கேள்வியை டைப் செய்திடும் முன், இந்த முடிவைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம் என ஒரு வரியில் எழுதி வைத்துக் கொள்ளவும். நம் எடுத்துக்காட்டில், "பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று மனுவில் எழுத வேண்டும்" என்பதுதான் அந்த வரி. இதற்கு உதவாத கேள்விகளை நீக்கிவிடலாம். நான்கைந்து கேள்விகளுக்கு மேல் போனால், பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

முடிவு எப்படி வந்தாலும் அப்படியே செய்வோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடவும் கூடாது. 2016ல் இங்கிலாந்தின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் குழு, தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு இணையத்தில் மக்களைக் கேட்டது. 1,24,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று முதலிடத்தில் வந்தது "போட்டி மெக்போட்பேஸ்" என்ற கேலிப் பெயர். இறுதியில் கப்பலுக்கு இயற்கை ஆய்வாளர் சர் டேவிட் அட்டன்பரோவின் பெயர் வைக்கப்பட்டது. கேலிப் பெயர், கப்பலில் இருந்து செயல்படும் ஒரு சிறு நீர்மூழ்கிக் கலத்திற்குப் போனது.

2. கேள்வியை எப்படி அமைப்பது?

ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும்: "பஸ் நேரமும் கட்டணமும் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டால், நேரம் பிடித்து, கட்டணம் பிடிக்காதவர் என்ன பதில் சொல்வார்? இரண்டு கேள்விகளாகப் பிரிக்கவும்.

பதிலை ஊட்டக் கூடாது: "மக்கள் படும் பெரும் அவதியைப் போக்கக் கூடுதல் பஸ் வேண்டுமா?" என்பது கேள்வி அல்ல, கோஷம். "அரியலூர் ரயில் நிலையம் செல்ல, உங்களுக்கு எந்த நேரத்தில் பஸ் தேவை?" என்று கேட்டால் போதும்.

சொற்களில் கவனம்: 1941ல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ரக் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஜனநாயகத்திற்கு எதிரான பேச்சை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பிரிவினரிடமும், தடை செய்ய வேண்டுமா என்று மற்றொரு பிரிவினரிடமும் கேட்கப்பட்டது. "அனுமதிக்கக் கூடாது" என்றவர்கள், "தடை செய்ய வேண்டும்" என்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால், "தடை" என்ற சொல் கடுமையாகத் தோன்றியதால் பலர் தயங்கினர்.

நம் பகுதியில் இருந்தே ஒரு விஷயத்தை வைத்துப் பார்க்கலாம். 1995ல் திருச்சியில் இருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்து, 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. அந்த ஆண்டுகளில் ஒருவர் இது பற்றிக் கணிப்பு நடத்தியிருந்தால், "கலெக்டர் அலுவலகம் உங்கள் ஊருக்கு அருகில் வர வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கலாம், "நிர்வாகச் செலவு கூடினாலும் இன்னொரு மாவட்டம் வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கலாம். ஒரே மக்களிடம் இருந்து இரண்டு விதமான முடிவுகள் வந்திருக்க வாய்ப்புண்டு.

மழுப்பலான சொற்கள் வேண்டாம்: "அடிக்கடி" என்றால் ஒருவருக்கு வாரம் இரு முறை, மற்றொருவருக்கு மாதம் இரு முறை. எனவே எண்ணைத் தரவும். "பரவாயில்லை" என்பதை விடையாக வைக்கவே வேண்டாம். நன்றாக இருக்கிறது என்றும் அதற்குப் பொருள். ஏதோ இருக்கிறது என்றும் பொருள்.

விடைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது: "5 முதல் 6 வரை", "6 முதல் 7 வரை" என்று கொடுத்தால், சரியாக 6 மணிக்கு பஸ் வேண்டும் என்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இப்படி அமைக்கவும்: காலை 5 மணிக்கு முன், 5.00 - 5.59, 6.00 - 6.59, 7 மணி அல்லது அதற்குப் பின். கடைசியாக, "நான் ரயிலில் செல்வதில்லை" என்ற விடையும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், தேவையில்லாதவரும் ஏதோ ஒரு நேரத்தைத் தட்டிவிட்டுப் போவார்.

3. கூகுள் பார்ம்ஸில் தயாரித்தல்

உங்களிடம் ஜிமெயில் அக்கவுண்ட் இருந்தால் போதும். கூகுள் பார்ம்ஸை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

அ. பிரவுசரில் கூகுள் பார்ம்ஸ் தளம் சென்று, கூட்டல் குறி உள்ள "பிளாங்க் பார்ம்" மீது கிளிக் செய்திடவும்.

ஆ. தலைப்பையும், அதன் கீழே யார், எதற்காகக் கேட்கிறோம் என்பதை இரண்டு வரிகளிலும் டைப் செய்திடவும். தமிழ் யூனிகோட் எழுத்துகளிலேயே அனைத்தையும் அமைக்கலாம்.

இ. ஒரு விடை மட்டும் வேண்டும் என்றால் "மல்டிபிள் சாய்ஸ்", பல விடைகள் தரலாம் என்றால் "செக்பாக்ஸஸ்" எனத் தேர்ந்தெடுக்கவும். கட்டாயக் கேள்விக்கு "ரெக்கொயர்டு" என்பதனை ஆன் செய்திடவும்.

ஈ. ஊர்ப் பெயர்கள் போன்ற வரிசை இல்லாத விடைகளில், முதலில் இருப்பதையே பலர் தட்டிவிடுவார்கள். இதைத் தவிர்க்க, கேள்வியின் வலது கீழ் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, "ஷபிள் ஆப்ஷன் ஆர்டர்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொருவருக்கும் விடைகள் வரிசை மாறித் தெரியும். நேரம், வயது போன்றவற்றுக்கு இது வேண்டாம்.

உ. "செட்டிங்ஸ்" டேப் சென்றால், "லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்" என்ற வசதி கிடைக்கும். இதனை ஆன் செய்தால், ஒரு கூகுள் அக்கவுண்ட்டுக்கு ஒரு பதில்தான் தரலாம். ஒருவரே பத்து முறை வாக்களிப்பதை இது தடுக்கும். ஆனால், நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரே போன், ஒரே அக்கவுண்ட் என்றால், மூவரின் கருத்து வராமல் போகும். உங்கள் மக்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்து முடிவெடுக்கவும்.

ஊ. அதே பக்கத்தில் உள்ள "வியூ ரிசல்ட்ஸ் சம்மரி" ஆப் செய்யப்பட்டே இருக்கட்டும். இதுவரை எது முன்னணியில் உள்ளது என்று தெரிந்தால், அடுத்து வருபவர்கள் அதன் பின்னாலேயே போவார்கள்.

எ. "பப்ளிஷ்" கிளிக் செய்து, கிடைக்கும் லிங்க்கைக் காப்பி செய்திடவும். உடனே ஊருக்கு அனுப்பிவிட வேண்டாம். முதலில் ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பவும். அவர்களில் ஒருவராவது வயதில் பெரியவராக இருக்கட்டும். அவர் கேள்வியைப் படித்துவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால், மாற்ற வேண்டியது கேள்வியைத்தான்.

4. வாட்ஸ்ஆப் குழுவில் கேட்கலாமா?

2022 நவம்பரில் வாட்ஸ்ஆப் இந்த வசதியைத் தந்தது. இணைப்புகளுக்கான ஐகானைத் தட்டி, "போல்" என்பதனைத் தேர்ந்தெடுத்தால், 12 விடைகள் வரை தரலாம். சுற்றுலா செல்லும் தேதி, விழாவிற்கான சாப்பாடு போன்றவற்றுக்கு இது போதும். ஆனால், யார் எதற்கு வாக்களித்தார் என்பதைக் குழுவில் உள்ளவர்கள் பார்க்க முடியும் என்பதால், தலைவரின் கருத்துக்கு மாறாகத் தட்டப் பலர் தயங்குவார்கள். கருத்து வேறுபாடு உள்ள விஷயங்களுக்குப் பெயர் கேட்காத பார்ம்தான் நல்லது.

5. யார் பதில் சொல்லவில்லை?

எண்ணிக்கை அதிகம் என்றால் முடிவு சரியாக இருக்கும் என நினைக்க வேண்டாம். 1936ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ், தேர்தல் கணிப்புக்காக ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால், 48 மாநிலங்களில் 46ல் வென்றவர் ரூஸ்வெல்ட். இதழ் பயன்படுத்திய பட்டியலில் போனும் காரும் வைத்திருந்தவர்களே அதிகம். பதிலைத் தபாலில் அனுப்பியவர்களும் ஒரு பகுதியினரே.

இணையக் காலத்திலும் இது மாறவில்லை. 2007 ஜூலையில், இணையம் மற்றும் போன் வாக்குகள் மூலம், தாஜ்மகால் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 10 கோடி வாக்குகள் பதிவானதாக ஏற்பாட்டாளர்கள் கூறினர். ஆனால், யுனெஸ்கோ இதில் இருந்து விலகியே நின்றது. இது இணைய வசதி உள்ளவர்களின் கருத்து மட்டுமே. உலகின் கருத்து அல்ல என்றது.

நம் எடுத்துக்காட்டிற்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 83 பேரும், அரியலூர் மாவட்டத்தில் 89 பேரும் கிராமங்களில் வசித்தனர். நகரில் உள்ள கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் மட்டும் லிங்க் சென்றால், 7 மணி பஸ் ஜெயித்துவிடும். விடியும் முன்பே கிளம்பும் கூலித் தொழிலாளிக்கு 5 மணிக்கு முன் பஸ் வேண்டியிருக்கலாம். அவர் அந்த லிங்க்கைப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே தீயில் வெந்தால்தான் அது சரி. எனவே எல்லோரையும் ஒரு பானையில் போட வேண்டும். இதற்குச் சோழர் காலத்திலேயே ஒரு வழி இருந்தது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. அது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க. நாம் இதனைக் கருத்துக் கேட்கப் பயன்படுத்தலாம். ஊரில் உள்ள எல்லா வீட்டு எண்களையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, 100 சீட்டுகளை எடுத்து, அந்த வீடுகளுக்கு நேரில் சென்று, உங்கள் போனில் அதே பார்மைத் திறந்து பதில்களைப் பதிவு செய்திடவும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்காமல், மாலையில் மீண்டும் செல்லவும். இதற்கெனப் பார்மை ஒரு நகல் எடுத்துக் கொண்டால், ஆன்லைன் பதில்களுடன் கலக்காது.

இவ்வாறு குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்டால், 20ல் 19 முறை, முடிவு உண்மையில் இருந்து 10 சதவீதத்திற்கு மேல் விலகாது. 400 பேர் என்றால் 5 சதவீதம். தானாக வந்து வாக்களித்தவர்கள் 4,000 பேர் என்றாலும், இந்த உறுதியைத் தர முடியாது.

6. முடிவை எழுதும்போது

"ரெஸ்பான்ஸஸ்" டேப்பில் வட்டப் படங்களைக் காணலாம். அங்கிருந்தே பதில்களைக் கூகுள் ஷீட்ஸ் பைலாகவும் மாற்றலாம். மனுவில் சதவீதத்தை மட்டும் தர வேண்டாம். எந்த நாள் முதல் எந்த நாள் வரை கேட்டீர்கள், எத்தனை பேர் ஆன்லைனில், எத்தனை பேர் நேரில் என்பதனையும், கேள்வியை அதே சொற்களிலும் தரவும். ஆன்லைன் முடிவும் வீடு வீடாகக் கேட்ட முடிவும் வேறுபட்டால், இரண்டையும் தனித்தனியாகக் காட்டவும். மறைத்தால், ஒரே கேள்வியில் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார்.

கவனிக்க: பார்மில் ஆதார் எண், வங்கி விவரம், ஓ.டி.பி. போன்றவற்றைக் கேட்கவே கூடாது. தேர்தல் நேரத்தில் வாக்களித்து வந்தவர்களிடம், யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் எனக் கேட்டு வெளியிடுவதும் வேண்டாம். தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்தில் இவ்வாறு செய்வது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

முதல் முயற்சியாக, உங்கள் தெருவுக்குக் குடிநீர் எந்த நேரத்தில் வந்தால் வசதி என்று ஒரே ஒரு கேள்வியுடன் பார்ம் தயாரித்துப் பாருங்கள். ஆன்லைனில் வந்த பதில்களுடன், குலுக்கலில் வந்த பத்து வீடுகளின் பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். வித்தியாசம் இருந்தால், உங்கள் லிங்க் யாரிடம் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்துவிடும்.